பதினான்காம் நம்பர் பிரஷ்

பிப்ரவரி 9

அன்புள்ள உங்களுக்கு,

இங்கு நலம். அங்கும் நலம் என்று நம்புகிறேன் என எழுதுவதுதான் வழக்கம். இந்தத் தடவை அந்த நம்பிக்கை இல்லாததால்தான் பேனாவை எடுத்தேன்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வருகிறது, அவசரம் தவிர மற்றதையெல்லாம் கடிதத்தில் எழுதிக்கொள்வோம் என்று போன வருஷம் நீங்கள்தான் சொன்னீர்கள். நல்ல யோசனைதான். கடிதத்தில் நீங்கள் நடுவில் குறுக்கிட முடியாது.

விடுமுறை முடிந்து நீங்கள் கேம்ப்புக்குக் கிளம்பிய மறுநாள் துணி ஊறவைத்தேன். உங்கள் துண்டில் மூன்று இடத்தில் ரத்தப் பொட்டு. தலையணை உறையில் இரண்டு. ஷேவ் செய்யும்போது கீறியிருக்கும் என்பீர்கள். தலையணையில் படுத்துக்கொண்டா ஷேவ் செய்கிறீர்கள்? மூக்கின் இடது ஓரத்தில் பளபளவென்று ஒரு சின்ன மணி மாதிரி இருக்கிறதே, அதிலிருந்துதான் வருகிறது. நீங்கள் குனிந்து பூட்ஸ் கயிறு கட்டும்போது கிட்டத்தில் பார்த்தேன். நடுவில் குழி விழுந்து பொருக்குத் தட்டியிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று அப்போது வாயை மூடிக்கொண்டேன்.

ஸ்டூடியோவுக்கு எதிரே இருக்கும் மருந்துக் கடைக்காரரிடம் யாருக்கோ என்பதுபோலக் கேட்டேன். "ஆறாம இருக்கு, அப்பப்ப ரத்தம் வருதுன்னா நான் களிம்பு தரமாட்டேன்மா. தோல் டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க" என்றார். தும்மினால்கூடக் களிம்பு விற்கிற மனிதர் அவர். அவரே தரமாட்டேன் என்றுவிட்டார்.

இருபது வருஷமாக வெயிலில் நின்று நிலம் அளக்கிறீர்கள். தொப்பி வாங்கிக் கொடுத்தால் கருவியில் கண் வைக்க இடிக்கிறது என்று கழற்றி வைத்துவிடுகிறீர்கள். உடனே டாக்டரைப் பாருங்கள். பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று எழுதுங்கள். உங்கள் பாணியில் சுருக்கி எழுத வேண்டாம்.

கவலையுடன்,
ரப்பர்

(நீங்கள் வைத்த பெயர்தான். ஊரார் பருவையும் தழும்பையும் படத்தில் அழித்துப் பிழைப்பவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பீர்கள்?)


பிப்ரவரி 17

அன்புள்ள ரப்பருக்கு,

உன் கடிதம் தண்ணீர் லாரியோடு வந்து சேர்ந்தது. டிரைவர் அதை சீட்டுக்கு அடியில் வைத்திருந்ததால் பாதி டீசல் வாசனை, பாதி உன் கோபம்.

துண்டைத் துவைக்கச் சொன்னால் ஆராய்ச்சி செய்திருக்கிறாய். இங்கே எல்லார் மூக்கும் உரிந்துதான் கிடக்கிறது. நான் அளக்கும்போது எதிரே அளவுக் கம்பம் பிடிக்கிறவரின் மூக்கு வேகவைத்த கிழங்கு மாதிரி இருக்கிறது. அவர் மனைவி கடிதம் எதுவும் எழுதவில்லை. மனுஷன் நிம்மதியாகத் தூங்குகிறார். ஒரு வெயில் கட்டிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? நாள் முழுக்க முகங்களில் குறை தேடுகிறவள் நீ. கடையைப் பூட்டிய பிறகும் உன் கண் அதையே தேடுகிறது. தொழில் தோஷம்.

இங்கே கால்வாய்க் கோடு ஒரு பாறையில் போய் முட்டி நிற்கிறது. சுற்றிக்கொண்டு போவதா, உடைத்துக்கொண்டு போவதா என்று மேலிடத்தில் இன்னும் முடிவு செய்யவில்லை. அவர்கள் முடிவு செய்கிறவரை நான் இரண்டு பக்கமும் அளந்துகொண்டே இருக்க வேண்டும். இந்த நிலைமையில் டாக்டரைப் பார்க்க ஒரு நாள் லீவு கேட்டால் என்ஜினீயர் என்னைப் பார்க்கிற பார்வைக்குத்தான் களிம்பு போட வேண்டும்.

அடுத்த மாதம் பார்க்கலாம். வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்றாயே, ஆள் வந்தாரா?

அன்புடன்,
அளவுக்காரன்


பிப்ரவரி 24

அன்புள்ள அளவுக்காரருக்கு,

குழாய் சரியாகிவிட்டது. அதற்கு ஆள் கூப்பிட்டால் வருகிறார்.

கம்பம் பிடிப்பவரின் மனைவி எழுதவில்லை என்பதால் அவருக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை. அவருக்கும் சேர்த்து நான் சொல்கிறேன், இரண்டு பேரும் ஒன்றாகப் போய்க் காட்டுங்கள்.

உங்களுக்கு வேடிக்கையாக இருக்கிறது. எனக்கு இந்த இரண்டு வாரமாக வேலையே ஓடவில்லை. ஸ்டூடியோவுக்கு வருகிறவர்களை உட்காரவைத்து, விளக்கைப் போட்டதும் என் கண் நேராக மூக்குக்குப் போகிறது. மூக்கு, காது மடல், நெற்றி. போன வாரம் மாப்பிள்ளை படம் எடுக்க ஒருவர் வந்தார். தாடையில் ஒரு மச்சம், ஓரமெல்லாம் கோணலாக இருந்தது. "இதை ஒரு டாக்டர்கிட்ட காட்டிருங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கூட வந்த அவருடைய அக்கா எழுந்து நின்றாள். "ஃபோட்டோ எடுக்கத்தான வந்தோம், நோய் வாங்கிட்டுப் போகவா வந்தோம்" என்று தம்பியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். உங்களிடம் சொல்ல முடியாததை ஊரில் போகிறவனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதிக்குள் நீங்கள் டாக்டரைப் பார்க்கவில்லை என்றால், ஆறாம் தேதி நான் கேம்ப்பில் இருப்பேன். உங்கள் என்ஜினீயர், கம்பக்காரர், தண்ணீர் லாரி எல்லாவற்றின் முன்னாலும் காதைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவேன். நான் சொன்னால் செய்கிறவள் என்று உங்களுக்குத் தெரியும்.

ரப்பர்


மார்ச் 6

அன்புள்ள ரப்பருக்கு,

காதுக்குப் பயந்து மூன்றாம் தேதியே போய்விட்டேன். ஜீப்பில் இரண்டரை மணி நேரம். பெரிய ஆஸ்பத்திரி, சிமெண்ட் வாசனை போகாத புதுக் கட்டடம். தோல் டாக்டர் ஒரு அம்மாள், வயது நம்மைவிடக் கம்மிதான். விளக்கு வைத்த பூதக்கண்ணாடியை மூக்கில் ஒட்டினாற்போல் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். நான் தினமும் கருவியில் கண் வைத்துப் பார்க்கிறவன். என்னை ஒருவர் அப்படிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"இது கட்டி இல்ல. கேன்சரா இருக்கலாம். பயப்படாதீங்க, இருக்குறதுலயே சாதுவான ரகம். ஒரு துளி எடுத்து அனுப்பிப் பாத்துருவோம்" என்றார்.

சாதுவான ரகம் என்றதெல்லாம் பிறகுதான் காதில் விழுந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு கடுகு அளவு சதை எடுத்தார்கள். வலியில்லை. வெளியே வந்து ஜீப்பில் உட்கார்ந்து பத்து நிமிஷம் சாவியைத் திருப்பவே இல்லை. இதை உன்னிடம்தான் சொல்கிறேன். தம்பியிடம்கூடச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. அவன் வீட்டைக் கூட்டி ஒப்பாரி வைத்துவிடுவான்.

ஒரு வேலை. எத்தனை நாளாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். நாலைந்து மாதம் என்றேன். அவர் நம்பவில்லை. "பழைய ஃபோட்டோ இருந்தா கொண்டு வாங்க. எப்ப வந்துச்சு, எவ்வளவு வேகமா வளருதுன்னு தெரிஞ்சா எவ்வளவு வெட்டணும்னு முடிவு பண்ண வசதியா இருக்கும்" என்றார். "ஃபோட்டோவுக்கு எங்க வீட்ல பஞ்சமே இல்லங்க, வீட்டுக்காரி ஸ்டூடியோ வச்சிருக்கா" என்று பெருமையடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

கல்யாண நாள் படங்களை அனுப்பு. வருஷா வருஷம் அதே ஸ்டூல், அதே விளக்கு, அதே தூரம். முகத்தைத் திருப்பாதீங்க என்று நீ படுத்துகிற பாட்டை எல்லாம் அப்போது திட்டியிருக்கிறேன். இப்போது யோசித்தால் என் தொழிலில்கூட யாரும் இவ்வளவு ஒழுங்காக அளவு எடுப்பதில்லை.

பயமாகத்தான் இருக்கிறது.

உன்
அளவுக்காரன்


மார்ச் 12

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஸ்டூடியோவில் நின்றபடியே படித்தேன். கடைசி வரி வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். பதினோரு வருஷத்தில் பயமாக இருக்கிறது என்று நீங்கள் சொல்லி நான் கேட்டதில்லை. கூட இல்லையே என்று அழுகையாக வந்தது. கடையில் பாஸ்போர்ட் படத்துக்கு ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்ததால் அழவில்லை.

பத்துப் படங்களையும் எடுத்தேன். இந்த வருஷம் கல்யாண நாளுக்கு நீங்கள் வராததால் பதினொன்றாவது இல்லை. பத்தையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். பத்திலும் உங்கள் மூக்கு பச்சைக் குழந்தையின் மூக்கு மாதிரி இருக்கிறது.

அழித்திருக்கிறேன். நானேதான்.

கம்ப்யூட்டரில் அசல் இருக்குமே என்பீர்கள். அசலை வைத்துக்கொள்கிற பழக்கம் நம் ஸ்டூடியோவில் கிடையாது. இடம் அடைக்கிறது என்று, திருத்திய படத்தை அசலின் மேலேயே சேமித்துவிடுவேன். வாடிக்கையாளருக்குச் செய்வதையே நமக்கும் செய்திருக்கிறேன். உங்கள் தம்பி கல்யாணப் படங்களைப் பார்த்தேன். அதுவும் நம் ஸ்டூடியோதானே, அதிலும் இல்லை. போனில் எடுத்தவற்றில் ஒன்று நிழல், ஒன்று ஆட்டம், ஒன்றில் நீங்கள் தும்முகிறீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று சொல்வார்கள். நான் சின்னப் பூசணிக்காயாக இருக்கும்போதே மறைக்க ஆரம்பித்திருக்கிறேன்.

எப்போது வந்தது என்று எனக்கும் சரியாக நினைவில்லை. முகம் என்று ஒன்று திரையில் வந்தால் கை பாட்டுக்கு அதன் வேலையைச் செய்துவிடுகிறது. மனசில் ஒன்றும் தங்குவதில்லை. டாக்டரிடம் அப்படியே சொல்லிவிடுங்கள். மன்னித்துக்கொள்ளுங்கள்.

சோதனை முடிவு வந்ததும் எழுத வேண்டாம், போன் செய்யுங்கள். இது அவசரத்தில் சேர்த்தி.

உங்கள்
ரப்பர்


மார்ச் 19

அன்புள்ள ரப்பருக்கு,

முடிவு நேற்றுதான் வந்தது. கேம்ப்புக்குப் பக்கத்து அணைக்கட்டு மேல் ஏறி நின்று உனக்குப் போன் செய்தேன். நீ ஹலோ ஹலோ என்பது எனக்குக் கேட்டது. நான் பேசியது உனக்குக் கேட்கவில்லை போல. ஆகவே பழையபடி காகிதம்.

கேன்சர்தான். டாக்டர் சொன்ன அதே சாதுவான ரகம். இது உடம்பில் வேறு எங்கும் ஓடிப்போகாதாம். இருக்கிற இடத்திலேயே உட்கார்ந்து மெதுவாக அரித்துக்கொண்டு போகுமாம். வெட்டி எடுத்துவிட்டால் முடிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை என்று மூன்று தடவை சொன்னார். நான் கேட்டது மூன்று தடவை.

படங்கள் விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். திரும்பி வருகிற வழியில்தான் சிரிப்பு நின்றது. பத்து வருஷம் அந்த ஸ்டூலில் உன் பக்கத்தில் உட்கார்ந்தவன் நான் இல்லை போலிருக்கிறது. என் மூக்கை வைத்துக்கொண்டு வேறு எவனோ உட்கார்ந்திருக்கிறான். பரவாயில்லை, முகத்தைத் திருத்துவது உன் தொழில், நிலத்தை அளப்பது என் தொழில். இதற்கெல்லாம் மனத்தாங்கல் வைத்துக்கொள்ளமாட்டேன்.

ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார். மெதுவாக வளர்ந்தது என்றால் இங்கேயே ஒரே நாளில் வெட்டித் தைத்துவிடுவார்களாம். சீக்கிரம் வளர்ந்தது என்றால் இன்னும் பெரிய இடத்துக்கு அனுப்பி, கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கவேண்டி வரலாமாம். மூக்கின் ஓரம் என்பதால் அதிகமாக வெட்டவும் யோசிக்கிறார்கள். உனக்கு ஏதாவது ஞாபகம் வந்தால் எழுது.

தேதி இன்னும் கொடுக்கவில்லை. கொடுத்தால் நீ வருகிறாயா? கடையை இரண்டு நாள் பூட்ட முடியுமா? நீ பக்கத்தில் உட்கார்ந்து அந்த டாக்டரை நாலு கேள்வி கேட்டால் எனக்குத் தைரியமாக இருக்கும். நான் கேட்டால் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

உன்
அளவுக்காரன்


மார்ச் 25

அன்புள்ள உங்களுக்கு,

வருகிறேன். இரண்டு நாள் என்ன, இருபது நாள் வேண்டுமானாலும் பூட்டுகிறேன். தேதியை மட்டும் எழுதுங்கள்.

உயிருக்கு ஒன்றுமில்லை என்று படித்த பிறகுதான் இதை எழுதத் தைரியம் வந்தது. போன கடிதத்தில் உங்களிடம் ஒரு பொய் சொன்னேன். நினைவில்லை என்றது பொய். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, நம்பர் உள்பட.

படத்தில் ஒரு புள்ளியை அழிக்க, அந்தப் புள்ளியைவிடச் சற்றுப் பெரிய பிரஷ் எடுப்போம். கம்ப்யூட்டர் பிரஷ்தான், ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நம்பர். முதல் ஆறு கல்யாண நாளிலும் உங்கள் மூக்கில் ஒன்றும் இல்லை. ஏழாவதில் முதல்முறையாக வந்தது. நான்காம் நம்பர் பிரஷ் போதுமாக இருந்தது. எட்டாவதில் ஆறு. ஒன்பதாவதில் ஒன்பது. போன வருஷம் பதினான்கு. அதே ஸ்டூல், அதே தூரம். ஆகவே நம்பரை நம்பலாம். இதை டாக்டரிடம் சொல்லுங்கள், அவருக்குத் தேவையானது இதுதான்.

கண்டும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னேன். ஒரு தடவை சொன்னேன்.

உங்கள் தம்பி கல்யாணம். எட்டாவது வருஷம். பந்தியில் இலைக்கு முன்னால் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். நான் உங்கள் பக்கம் சாய்ந்து, "மூக்குல இருக்குறது பெருசாகுற மாதிரி இருக்கு, ஒருநாள் டாக்டர்கிட்ட காட்டிருவோமா" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். நீங்கள் வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி, "பாத்தீங்களா, கட்டுன புருஷன் மூஞ்சியிலயும் திருத்தம் போடணுமாம். இவளுக்கு நான்கூட ஒரு கஸ்டமர்தான்" என்றீர்கள். உங்கள் தம்பி, அவன் நண்பர்கள், உங்கள் சித்தப்பா, எல்லாரும் சிரித்தார்கள். பரிமாறுகிறவர்கூடச் சிரித்தார். உங்கள் சித்தி அப்புறம் ஒரு வருஷம் என்னை எங்கே பார்த்தாலும் "என்னம்மா, திருத்தம் முடிஞ்சுதா" என்று கேட்டார்கள்.

அன்றைக்கு ஒரு முடிவு செய்தேன். இனி இந்த மனிதரின் முகத்தைப் பற்றி நானாக ஒரு வார்த்தை பேசுவதில்லை. வீம்புதான். வேறு பெயர் வைத்து அழகுபடுத்த எனக்குத் தெரியவில்லை. அடுத்த கல்யாண நாளில் ஒன்பதாம் நம்பர் பிரஷ் எடுத்தபோது, தானாக வந்து கேட்கட்டும் என்று நினைத்தேன். போன வருஷம் பதினான்கு எடுத்தபோது பயந்தேன். பயந்தும் சொல்லவில்லை. திருத்தி, பிரேம் போட்டு, கூடத்தில் மாட்டினேன். துண்டில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் வீம்பு விட்டது. நம் இரண்டு பேருக்கும் நடுவில் ஓடி விளையாட ஒரு பிள்ளை இருந்திருந்தால், அதன் வழியாகவாவது சொல்லி அனுப்பியிருப்பேன். எல்லாவற்றையும் நேருக்கு நேர் சொல்லித்தான் ஆகவேண்டிய வீடு இது. இரண்டு பேருமே சொல்வதில்லை.

திட்டுங்கள். நான் வந்ததும் நேரிலேயே திட்டுங்கள். கடிதத்தில் வேண்டாம்.

உங்கள் மனைவி


ஏப்ரல் 4

உனக்கு,

உன் நம்பர்களை டாக்டரிடம் கொடுத்தேன். தாளில் எழுதி, பக்கத்தில் வருஷம் போட்டுக் கொடுத்தேன். அவர் ஒரு கோடு வரைந்து பார்த்துவிட்டு, "மெதுவா ஆரம்பிச்சு இப்பதான் வேகம் எடுத்திருக்கு. இங்கயே பண்ணிரலாம், கொஞ்சம் அகலமா எடுக்கணும்" என்றார். பிறகு, "இவ்வளவு சுத்தமா யாரும் சொன்னதில்ல. யாரு எடுத்த அளவு இது?" என்று கேட்டார். தெரிந்தவர் ஒருவர் என்றேன்.

நான்காம் நம்பரில் வந்திருந்தால் ஒரு சின்னத் தழும்போடு போயிருக்குமாம். இப்போது கன்னத்திலிருந்து தோலை இழுத்து ஒட்டவேண்டும். கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டினாலும் தப்பில்லை.

பந்தியில் நான் அப்படிச் சொன்னேனா என்று யோசித்தேன். சொல்லியிருப்பேன். என் வாய் எனக்குத் தெரியும். சொன்ன மறுநிமிஷம் மறந்தும் போயிருப்பேன். நீ அதைத் துணியில் முடிந்து வைத்துக்கொண்டு மூன்று வருஷம் சுமந்திருக்கிறாய். நான் சிரிக்க வைத்தது ஒரு பந்தியை. நீ செய்தது என்ன என்று நீயே யோசித்துக்கொள். வருஷத்துக்கு ஒரு முறை என்னை உட்காரவைத்து, சிரிங்க என்று சொல்லி, அது வளர்ந்திருப்பதைப் பார்த்து, பெரிய பிரஷ் எடுத்திருக்கிறாய்.

என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. அணையோ பாலமோ, ஒரே புள்ளியை வருஷா வருஷம் அளப்போம். ஒரு நூல் நகர்ந்திருந்தாலும் அன்றைக்கே நோட்டில் எழுத வேண்டும். தப்பாக அளப்பவனைத் திட்டி வேலையில் வைத்துக்கொள்வோம். நகர்ந்ததைக் கண்டும் எழுதாமல் விடுகிறவனை அன்றைக்கே அனுப்பிவிடுவோம். அவன் எவ்வளவு பழைய ஆளாக இருந்தாலும்.

ஆபரேஷன் 24ஆம் தேதி காலை பத்து மணி. இரண்டாம் மாடி. வருவதானால் வா.

இப்படிக்கு,
அளவுக்காரன்


ஏப்ரல் 24

அன்புள்ள உங்களுக்கு,

பழக்கத்தில் அப்படி எழுதிவிட்டேன். அந்த வரியை அடித்துத் திருத்தாமல் விடுகிறேன். அழித்தது போதும்.

ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், ஜன்னல் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலை எட்டே முக்காலுக்கே வந்துவிட்டேன். ஒன்பது மணி நேர பஸ். பையில் உங்களுக்கு முன்பக்கம் பட்டன் வைத்த இரண்டு சட்டை, தலை வழியாகப் போட்டால் மூக்கில் படுமே என்று புதிதாக வாங்கினேன். டாக்டரிடம் கேட்க எட்டுக் கேள்வியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தேன். உங்களிடம் சொல்ல வேண்டியதை எழுதவில்லை. பஸ்ஸில் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்பதில் எனக்குப் பழக்கம் இல்லை, அதனால் ஒத்திகை.

பத்து மணி ஆகியும் நீங்கள் வரவில்லை. பத்தரைக்கு கவுண்டரில் கேட்டேன். அந்தப் பெண் ரெஜிஸ்டரைப் புரட்டிவிட்டு, "இவருக்குப் போன வாரமே முடிஞ்சிருச்சேம்மா. பதினேழாம் தேதி. ஒரு பேஷண்ட் வரலைன்னு இவரை முன்னாடியே கூப்பிட்டோம்" என்றாள். "நீங்க யாரு?" என்றும் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் ரெஜிஸ்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். நோயாளிக்கு உறவு என்ற இடத்தில் தம்பி என்று எழுதி, உங்கள் தம்பியின் கையெழுத்து, தங்கும் இடம் என்று அவன் வீட்டு விலாசம். அவன் ஒப்பாரி வைப்பான், சொல்லாதே என்றீர்களே, அவன்.

முந்தின நாள்தான் கூப்பிட்டார்களாம். என்னால் ஒரு நாளில் வந்து சேர முடியாது என்று நினைத்திருக்கலாம். அப்படியே வைத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு ஏழு நாள் இருந்ததே. நேற்று பஸ் ஏறும் முன்பு உங்களுக்கு மூன்று தடவை போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. அணைக்கட்டில் வேலையாக இருப்பீர்கள், மணி காதில் விழுந்திருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீங்கள் அணைக்கட்டில் இல்லை, தம்பி வீட்டுக் கட்டிலில் படுத்திருக்கிறீர்கள். வர வேண்டாம் என்று இரண்டு வார்த்தை போதும். அதைச் சொல்லாமல் என்னை ஒன்பது மணி நேரம் பயணம் செய்ய விட்டீர்கள்.

இதைக் கேளுங்கள், எனக்கே வெட்கமாக இருக்கிறது. அந்தப் பெண் முடிந்துவிட்டது என்றதும் முதலில் எனக்கு வந்தது கோபம் இல்லை, நிம்மதி. கவுண்டரைப் பிடித்துக்கொண்டு, "நல்லா முடிஞ்சுதா" என்றுதான் கேட்டேன். டாக்டரைப் பார்க்க அனுப்பினாள். அவர் நல்ல மாதிரி. வெட்டி எடுத்ததைச் சோதித்தாகிவிட்டதாம், ஓரமெல்லாம் சுத்தமாம், மிச்சம் மீதி இல்லையாம். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போயிருச்சும்மா" என்றார். நான் நன்றி சொன்னேன். எட்டுக் கேள்வியில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. அந்த நம்பர்களைக் கொடுத்த தெரிந்தவர் நான்தான் என்றும் சொல்லவில்லை.

வெளியே வந்து இந்த பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் கோபம் வந்தது. இன்னும் போகவில்லை.

நான் செய்தது தப்பு. உங்களுக்கு ஒன்று ஆகியிருந்தால் என்னை நானே மன்னித்திருக்கமாட்டேன், அதை வாயால் சொல்லத்தான் வந்தேன். ஆனால் நான் மறைத்தது வீம்பில், உள்ளுக்குள் செத்துச் செத்து. நீங்கள் மறைத்தது நிதானமாக, ஏழு நாள், தம்பி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு. எது பெரிது என்று அளக்க உங்களுக்குக் கருவி இருக்கும். எனக்கு அளந்து பார்க்க இஷ்டமில்லை.

கட்டுப் போடுகிற நர்ஸ் நான் யாரென்று தெரிந்துகொண்டு, ஒரு தாளை எடுத்து வந்து கொடுத்தார். "வீட்டம்மாகிட்ட குடுக்கணும்னு சொன்னேன், அவர் தம்பி விட்டுட்டுப் போயிட்டார்" என்றார். படித்தேன். இந்த ரகம் ஒரு முறை வந்தவர்களுக்கு வேறு இடத்தில் மறுபடியும் வரலாமாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நல்ல வெளிச்சத்தில், நோயாளியால் தானாகப் பார்க்க முடியாத இடங்களை வீட்டில் ஒருவர் பார்க்க வேண்டுமாம். உச்சந்தலை, காதுக்குப் பின்புறம், பிடரி, முதுகு. புதிதாக ஏதாவது தெரிந்தால் உடனே சொல்ல வேண்டுமாம்.

அந்தத் தாளை இதனுடன் வைத்திருக்கிறேன். சட்டை இரண்டையும் நர்ஸிடம் கொடுத்திருக்கிறேன், தையல் பிரிக்க வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மணிக்குத் திரும்புகிற பஸ் இருக்கிறது, நான் அதில் போகிறேன்.

தாளைத் தம்பியிடம் கொடுங்கள், அல்லது தம்பி மனைவியிடம், அல்லது கம்பம் பிடிக்கிறவரிடம். யாரிடம் கொடுத்தாலும் ஞாபகமாகக் கொடுங்கள். உங்கள் முதுகு உங்கள் கண்ணுக்கு எட்டாது. நான் பார்க்கமாட்டேன்.